‘ஆ’ வரும் இடம்

அந்தோஃபகாஸ்தாவில், மீன்சந்தைக்குப் பின்னால்
இரவுப் பள்ளி.
பகலில் ஆறு வயதுக்காரர்கள் உட்காரும் நாற்காலியில்
முழங்கால் இடிக்க நாங்கள்:
ஹைட்டிக்காரர்கள் ஏழு பேர்,
சீன உணவகத்துச் சமையல்காரர் லியாங்.
ஆசிரியை யோசெலின் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்,
பகலெல்லாம் சுரங்க அலுவலகத்தில் ரசீது அடிப்பவள்.

போன வாரம் பால் பிரித்தோம்.
மேசை பெண். கூரை ஆண்.
கை, ‘ஓ’வில் முடிந்தாலும், பெண்ணேதான்.
தரை துடைக்கும் எனக்கு
அதில் சந்தேகமே வரவில்லை.

இன்று ஒற்றை எழுத்து: ஆ.
பொருளைத் தேடினால் அது வேண்டாம்.
புஸ்கோ லா யாவே, சாவி தேடுகிறேன்.
புஸ்கோ த்ரபாஹோ, வேலை தேடுகிறேன்
(இது மட்டும் வகுப்புக்கு வருமுன்பே எங்களுக்குப் பாடம்).
ஆளைத் தேடினால் நடுவில் ஆ.
புஸ்கோ ஆ மி எர்மானோ,
என் தம்பியைத் தேடுகிறேன்.
“உள்ளே போகுமுன் கதவைத் தட்டுவீர்களே, அப்படி”
என்றாள்.

“நாய்?” என்றார் லியாங்.
“உங்கள் நாய் என்றால் ஆ போடுங்கள்.
தெருநாய் என்றால் உங்கள் மனசு.”
சிரித்தோம்.

நான் கேட்டேன்:
பேக்கரிக் கண்ணாடியில் ‘புஸ்கோ எம்ப்ளெயாதா’ என்று
சீட்டு ஒட்டியிருக்கிறதே, ஆ இல்லாமல்.
வேலைக்காரி ஆள் இல்லையா?
சாக்பீஸ் நின்றது.
“யாரென்று இன்னும் தெரியாத ஆள்.
யாராக இருந்தாலும் சரி என்னும்போது
ஆ வராது.”
குறித்துக்கொண்டேன்.
அழுத்தி எழுதிவிட்டேன் போல,
அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.

பின்வரிசையிலிருந்து ஃபிலோமேன்,
இதுவரை வாயே திறக்காதவள்:
“இடிபாட்டுக்குள் தேடினால்?
செத்திருந்தால்?”

யோசெலின் புத்தகத்தைப் பார்க்கவில்லை.
“சிப்பாய்கள் கொண்டுபோனார்கள் என் மாமாவை.
அம்மா பதினேழு வருஷம்
மண்வெட்டியோடு பாலைவனத்துக்குப் போனாள்.
கிடைத்தால் எலும்புதான், அவளுக்குத் தெரியும்.
லாரிக்காரர்கள் நிறுத்திக் கேட்பார்கள், என்ன தேடுகிறாய் என்று.
என்ன என்று கேட்டவர்களுக்கும்
அவள் சொன்னது
புஸ்கோ ஆ ரமிரோ.”

ஃபிலோமேன் தலையாட்டினாள்,
கணக்குச் சரி என்பதுபோல.

மணி ஒன்பது. ஐந்து வாக்கியம் வீட்டுப்பாடம்.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினோம்.
பேக்கரி சாத்தியிருந்தது. சீட்டு அங்கேயே.
தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
யாராக இருந்தாலும் சரிதானே.