புழு மலிவு

பேரேட்டில் அவர் பெயர் கோ டின் ஆங்.
கையெழுத்துப் போடும்போது மட்டும்
தமிழில் அடைக்கலம்.
மூன்று ஏக்கர் உளுந்து, சித்தாங் ஆற்றுக்கு இந்தப் பக்கம்.
நெல் அறுத்த ஈரத்திலேயே விதைத்தது.
விதை கடன், முதல் மருந்து கடன்,
தெளிப்பானுக்கு மாற்றிய வாஷர்கூடக் கடன்.
எல்லாம் என் எழுத்தில்தான் இருக்கிறது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள்
ஒரு காயைப் பிளந்து
கல்லாப் பலகைமேல் வைத்தார்.
உள்ளே பச்சையாக ஒன்று
பாதிப் பருப்பைத் தின்றுவிட்டு
மீதிக்குள் தலையை விட்டிருந்தது.
"இரண்டாம் தடவை அடிக்கணுமா, தங்கச்சி?"

அடிக்கணும் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
முதலாளி ஊ சோ லின் பழக்கிய பதில் அது:
புழு இருந்தால் அடி,
இல்லையென்றால் வருவதற்குள் அடி.
அலமாரிப் பாட்டில்களில்
பாதிக்குச் சீன எழுத்து, மீதிக்குத் தாய்லாந்து எழுத்து.
அளவு கேட்பவர்களுக்கு மூடியைக் காட்டுவேன்,
தண்ணீர் டாங்கிக்கு இரண்டு மூடி என்று.
மண்டையோட்டை மட்டும்
ஞாங்லேபினில் எல்லாரும் படித்துவிடுவார்கள்.

அன்றைக்கு என்னவோ
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மூன்று பாட்டில், ஒன்பதாயிரம் வீதம்.
அடிக்கிற ஆளுக்கு ஏக்கருக்கு ஐயாயிரம்,
அதையும் கடையே கொடுத்துக் கணக்கில் ஏற்றும்.
நாற்பத்திரண்டாயிரம் கியாட்.
அறுவடை வரை இரண்டு மாத வட்டி, மாசம் நூற்றுக்கு ஐந்து.
நாற்பத்தாறாயிரத்து இருநூறு.

"புழு எவ்வளவு தின்னும்?"
"ஏக்கருக்கு அரைக் கூடை. மிஞ்சிப் போனால்."
ஆக ஒன்றரைக் கூடை.
கூடை நாற்பதாயிரம் போன கார்த்திகையாக இருந்தால்
அறுபதாயிரம், யோசிக்கவே வேண்டாம்.
ஆனால் காலையில்தான் ரங்கூனிலிருந்து போன்.
சென்னைக் கப்பலில் மூட்டை ஏறவில்லையாம்,
அங்கே ஏதோ உத்தரவாம்,
கூடை இருபத்தெட்டு.
ஒன்றரைக் கூடைக்கு நாற்பத்திரண்டாயிரம்.

மறுபடியும் தட்டிப் பார்த்தேன்.
வட்டி இல்லையென்றால்
மருந்தும் புழுவும் காசுக்குக் காசு சமம்.
நாலாயிரத்து இருநூறில் ஜெயித்தது
அந்தப் பச்சைப் பயல் இல்லை,
எங்கள் கடை.

"அப்ப தின்னட்டும்" என்றார்.
காயைப் புழுவோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளை எடுத்தார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
ஏக்கருக்கு ஐயாயிரம் வாங்குகிற அந்த ஆள்
என் தம்பி செங்கோடன்.
துண்டை மூக்கில் கட்டி, வெறுங்காலில் வரப்பு வரப்பாய்.
அடித்த ராத்திரி சோறு தங்காது,
விடியும்வரை கண்ணில் தண்ணீர் ஊற்றுவேன்.
அதற்குக் கால்குலேட்டரில் பொத்தானைத் தேடினதில்லை,
சம்பளத்தோடு அந்தக் கூலியும் வந்தால்தான்
எங்கள் வாடகை.

மாசியில் உளுந்து வந்தது.
சலித்தபோது ஓட்டைப் பருப்பு தனியாக விழுந்தது,
சரியாகச் சொல்லிவைத்ததுபோல் ஒன்றரைக் கூடை.
அன்றைய விலை முப்பத்தோராயிரம்.
அடைக்கலம் தானே பொத்தானை அழுத்தி,
உதட்டைப் பிதுக்கி,
"முந்நூறு நஷ்டம், தங்கச்சி.
ஒரு டீக் காசு" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
கடனைக் கட்டிவிட்டு
பேரேட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி அந்தப் பக்கத்தைப் பார்த்து
மூன்று பாட்டில் ஏன் குறைகிறது என்றார்.
புழு கம்மி என்றேன்.

தம்பி மூன்று நாள் என்னோடு பேசவில்லை,
பதினைந்தாயிரம் போச்சு என்று.
மூன்று நாளும் இரண்டாம் தரம் சோறு கேட்டு
தட்டை மட்டும் நீட்டினான்.