கால் மில்லிமீட்டர்

பிப்ரவரி. எல்கி பள்ளத்தாக்கில் அறுவடை.
பகலில் நான் திராட்சை ஆய்வுக்கூடத்து எடெல்மிரா.
குலைகளைச் சோப்புநீரில் அலசி,
அலசிய நீரைச் சல்லடையில் வடித்து,
தங்கியதைத் தகட்டில் ஏந்தி
நுண்ணோக்கியின் கீழே வைப்பவள்.

இன்று ஒன்று அகப்பட்டது.
சிலந்திப்பேன். எட்டுக் கால், செங்கல் நிறம்.
தகட்டை இடப்பக்கம் நகர்த்தினேன்,
அது வலப்பக்கம் ஓடியது.
இருபத்தோராண்டாகியும்
தினம் ஒருமுறை கை ஏமாறுகிறது.

டான் ஹெரிபெர்த்தோவும் குனிந்து பார்த்தார்.
வாசலில் லாரி. வெயிலில் நாலாயிரம் பெட்டி.
"இதைப் பெரிதாக்கியது உங்கள் கண்ணாடி, அம்மணி.
என் பழத்தில் இது ஒன்றுமே இல்லை."

லென்ஸிடம் கொடுக்க எதுவும் இல்லை, ஐயா.
பேனிடமிருந்து கிளம்பிச் சிதறிப்போகும் ஒளியை
அடிவில்லை வழிமறித்து வளைக்கிறது.
குழாயின் இருட்டில் ஓரிடத்தில்
மறுபடி கூட்டிவைக்கிறது, தலைகீழாய்.
தொட்டால் விரல் ஊடுருவிப் போகும் பேன் அது.
மேல்வில்லை அதைக் குனிந்து பார்க்கும் பூதக்கண்ணாடி.
உங்கள் கண்ணுக்குள் நுழையும் கோணம் விரிகிறது,
வேறொன்றும் நடக்கவில்லை.
பேன் இருந்த அளவில்தான் இருக்கிறது.
ஆனால் இருக்கிறது.

கையெழுத்திட்டேன். லாரி திரும்பிப் போயிற்று.

இரவில் ஊருக்கு மேலே குன்றில்
தொலைநோக்கி காட்டும் வேலை எனக்கு.
தலைக்கு எட்டாயிரம் பேசோ, குழந்தைகளுக்குப் பாதி.
சிவப்பு விளக்கொளியில் எல்லா முகமும் ஒன்றுதான்.
ஒரு சிறுமி எக்கிப் பார்த்துச் சொன்னாள்:
"இவ்வளவுதானா சனி?"
பின்னாலிருந்து ஒரு குரல்,
"எத்தனை மடங்கு பெரிதாக்கும் இது?"

காலையில் கேட்ட குரல்.
என் குரலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் குவியத்தூரம்,
கண்வில்லைக்குப் பத்து. வகுத்தால் நூற்றிருபது என்றேன்.
சொல்லாமல் விட்டது இது:
நூற்று முப்பது கோடி கிலோமீட்டர் வந்த ஒளியை
முன்வில்லை திரட்டிக் குழாய்க்குள் நிறுத்தும் சனி,
வளையம் உட்பட,
கால் மில்லிமீட்டர்.
அந்தப் பேனின் அளவு.
ஒன்றை ஊதி உயர்த்தியும்
ஒன்றை நசுக்கிச் சுருக்கியும்
இரண்டையும் கடைசியில்
ஒரு பூதக்கண்ணாடியிடம்தான் ஒப்படைக்கிறார்கள்.

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
வரிசையில் யாரோ செருமினார்கள்.

"நழுவுகிறதே" என்றார், குழந்தையைப்போல.
நாம் நிற்கும் தரை உருள்கிறது, ஐயா.
அதையும் நூற்றிருபது மடங்காய்க் காட்டுகிறது.

திருப்பிப் பிடிக்கக் குழாயைத் தொட்டார்.
தவறான பக்கம் தள்ளினார்.
நான் அவர் கைமேல் கை வைத்து
எதிர்ப்பக்கம் நகர்த்தினேன்.