மூன்று வெங்காயம்

மோந்த்ராய். அகதி வழக்கு மன்றம். திறக்காத சன்னல்.
இந்தப் பக்கம் குகனேசன், ஏழாலை, கமம்.
அவர் முழங்கைக்கு அருகில் நான், முத்தியால்பேட்டை,
மணிக்கணக்கில் கூலி பேசிய நாக்கு.

"அன்றிரவு ராணுவம் உங்களிடம் என்ன கேட்டது?"

"கேட்டது வெங்காயம்.
குடுத்தது வெங்காயம்.
எனக்கு மிஞ்சினது வெங்காயம்."

எங்கள் தெருவில் அது ஒரு வசவு.
பெரிய வெங்காயமா நீ என்றுதான்
என் அண்ணன்கள் சண்டையைத் தொடங்குவார்கள்.
ஆகவே பிரெஞ்சில் சொன்னேன்:
உளறினார்கள். ஏதோ கொடுத்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

எழுத்தர் தட்டச்சு செய்தாள்.
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
உளறுவதற்காகவா ஒரு மனிதரைப்
பதினொரு நாள் கட்டிவைத்தார்கள்?

குகனேசன் என் பக்கம் திரும்பினார்:
"பிள்ளை, நீங்கள் ஒஞ்ஞோ எண்டு சொல்லேல்லையே."

நம் ஞகரம் பிசகாமல் விழுந்த பிரெஞ்சுச் சொல்.
அறையில் எல்லோருக்கும் கேட்டது.
என் பிழையை நானே உரக்கச் சொன்னேன், அது விதி.
திரும்பவும் தொடங்கினோம்:
எட்டு அந்தர், சிவப்பு, பிணைச்சுத் தொங்கவிட்டது.
நாலைப் பெடியள் கொண்டுபோனார்கள்.
ஏன் கொடுத்தாய் என்று கேட்டு
மிச்ச நாலையும் அவரையும்
ஆமி ஏற்றிக்கொண்டு போனது.

இப்போது இரண்டாவது நீதிபதி, மெதுவாக:
"இந்தச் சொல்லை எங்கே கற்றீர்கள்?"

வேலை செய்ய அனுமதி இல்லாதவர்
எங்கே கற்பார்?
தண்ணீர்க் குவளையை எடுத்தபோதே
அவர் விரல்களிலிருந்து எனக்கு வந்துவிட்டது
ஏதோ ஓர் உணவகத்தின் நிலவறை,
ஒரு நாளைக்கு நாற்பது கிலோ.
வழக்கறிஞர் இல்லாத தாளைத் தேடினார்.
'அது உங்கள் வெங்காயம் அல்ல' என்றால் இந்த ஊரில்
உன் வேலையைப் பார் என்று பொருள்.
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"சந்தையில்," என்றார் குகனேசன்.
"சந்தையில்," என்றேன் நான்.
அன்று நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு.

மூன்றாவதுதான் பாக்கி.
மிஞ்சிய வெங்காயம்.
ஒன்றுமில்லை என்று எழுதலாம். ஆனால்
காயம் என்றால் உடம்பு. காயம் என்றால் புண்.
கோப்பில் மருத்துவச் சான்று இருந்தது,
வலது தோள், நான்கு சென்டிமீட்டர்.
ஒரு சொல்லைக் கேட்டுத் தலைவர் காத்திருந்தார்.
என்னிடம் மூன்று இருந்தன.

"தமிழிலேயே பதியுங்கள்," என்றேன்.
எழுத்தர் எழுத்துக்கூட்டச் சொன்னாள்.
அவளுடைய வெங்காயத்தின் நடுவில் ஓர் எழுத்து உண்டு,
எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள்.
இதில் அப்படி எதுவும் இல்லை, எல்லாம் ஒலிக்கும் என்றேன்.
அவளுக்கு அது தேவையில்லாத தகவல்.

தீர்ப்பு மூன்று வாரத்தில்.
வாசலில் மழை. என்னிடம் குடை இருந்தது,
அவரிடம் இல்லை. பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம்.
நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.
"உங்கட ஊரில இப்ப வெங்காயம் என்ன விலை?"

தெரியாது என்றேன்.
வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.