மரத்தூள்

கப்பலில் வந்த தாதி அவள். பெயர் லொரெய்ன்.
மத்திய வீதியில் மூன்று நகைக்கடைகள்
"வெள்ளியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்ப
நாலாவதாக என் பட்டறைக்கு வந்தாள்.

மணிக்கட்டை முழுதாய் மூடாத காப்பு.
நடுவில் ஒரு பெரோசாக் கல்.
கொட்டியாரக் குடாவில் மேகம் கட்டும்போது வருமே,
அந்த நிறம்; குறுக்கே கறுப்பு நரம்புகள்.
நிலாவெளியில் நீந்தி வந்ததிலிருந்து
கல் ஆடுகிறதாம்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன்.
விளிம்பெல்லாம் பிறை பிறையாய் முத்திரை அடி.
ஒரே உளி. பதினேழாவது பிறை மட்டும்
கொஞ்சம் சரிந்திருக்கிறது.
யாரோ கதவைத் தட்டியிருக்க வேண்டும்.

"மாமா செய்தது. நாங்கள் நவஹோ.
அந்த உளி, தண்டவாள ஆணியில் அடித்தது."
என் உளியைக் காட்டினேன்:
இ.போ.ச. பஸ்ஸின் வில்தகட்டுத் துண்டு.
அதற்குச் சிரித்தாள்.

பல் பல்லாய் வெட்டிய ஓரத்தை நிமிர்த்திக்
கல்லை எடுத்தால்
உள்ளே அரக்கு இல்லை.
மரத்தூள்.
கடலைக் குடித்து ஊதிப்போய்
கல்லை வெளியே தள்ளிக்கொண்டிருந்த மரத்தூள்.

அரக்கு வைக்கிறேன், தண்ணீர் அண்டாது என்றேன்.
வேண்டாமாம்.
"கல்லுக்குக் கீழே மெத்தை வேண்டும்.
மாமாவின் ஊரில் கடல் இல்லை,
அவருக்கு எப்படித் தெரியும்?"

தூளை வெயிலில் பரப்பினேன்.
காய்ந்ததும் பாதிதான் மிஞ்சியது.
மோந்து பார்த்தேன். உப்பு மணம்.
மரத்தின் மணம் எப்போதோ போய்விட்டது.

உட்துறைமுக வீதி மரக்காலையில்
நசுருதீனிடம் ஒரு பிடி கேட்டேன்.
"சாக்கோட கொண்டு போங்க, ஆருக்கு வேணும்?"
முதிரை. மஞ்சள் தூள்.
அவளுடைய பாதியோடு கலந்து அழுத்தி
மேலே கல்லை இருத்தி
பற்களை ஒவ்வொன்றாய்ச் சாய்த்து மூடினேன்.
முப்பத்தொரு பல்.

பில்லில் கூலி எழுதினேன்.
மரத்தூளுக்கு என்ன எழுதுவது?
ஒரு கோடு போட்டுவிட்டேன்.
"கடலுக்குப் போகும்போது கழற்றிவை" என்று
மூன்று தரம் சொன்னேன்.
மூன்று தரமும் தலையாட்டினாள்.

கப்பல் செவ்வாய்க்கிழமை போகிறது.
இன்றைக்கு ஞாயிறு. உப்புவெளி.
அலைக்கு அப்பால் ஒரு கை எழுந்து நீரை வெட்ட
மணிக்கட்டில் பளிச்சென்று ஒரு வெளிச்சம்.
வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

நான் தூளைத்தான் நினைத்தேன்.
இரண்டு மரமும் இந்நேரம்
குடிக்கத் தொடங்கியிருக்கும்.