பழம் ஏதும் உண்டா?

எட்டு மணிநேரம் ஒரே கேள்வியைக் கேட்பது என் வேலை.
எங்கிருந்து வருகிறீர்கள்,
பழம் ஏதும் உண்டா, செடி, விறகு?
ட்ரக்கியில், மலையேறும் நெடுஞ்சாலையில்,
கலிஃபோர்னியாவுக்குள் நுழையும் வண்டிகளின்
கண்ணாடியை இறக்கச் சொல்லிக் குனிகிறேன்.
பொய் சொல்பவர்கள் முதலில் பின்சீட்டைப் பார்ப்பார்கள்.
குழந்தைகள் காட்டிக் கொடுத்துவிடும்:
அம்மா, அந்த ஆப்பிள்?

போன நவம்பரில் ஒரு தமிழ்க் குடும்பம்,
யூட்டா நம்பர் பிளேட்.
டிக்கியில் ஈரத்துணி சுற்றிய கறிவேப்பிலைக் கன்று.
என் சட்டையில் மதுரவல்லி என்ற பெயரைப் படித்துவிட்டு
அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி
"நம்ம ஆளுதானேம்மா" என்றாள்.
நான் ஆங்கிலத்தில் சட்டம் சொன்னேன்.
கன்றைப் பையில் போட்டு முடிச்சிட்டேன்.
ஷிப்ட் முடியும்வரை
விரல்களை முகர்ந்துகொண்டே இருந்தேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்
கிழக்கே போகிறவர்களை யாரும் நிறுத்துவதில்லை.
வாடகை லாரிகள். மெத்தை கட்டிய பிக்கப்புகள்.
ஒருநாள், கயிறு தளர்ந்து ஆடிக்கொண்டே போன
காலி நாய்க்கூண்டு.
என்ன எடுத்துப் போகிறாய்
என்று கேட்க அங்கே சாவடி இல்லை.

கதிரேசன் லேப்டாப்பில் இரண்டு பத்தி போட்டிருக்கிறான்.
இடது இங்கே, வலது பாய்ஸி.
வாடகை, வரி, பெட்ரோல், பிள்ளையின் பள்ளிக்கூடம்.
வலப்பக்கம் முழுக்கப் பச்சை.
வீட்டுக்காரர் பிப்ரவரிக்குள் விற்கப்போகிறார்,
அதற்கு ஒரு வரி, சிவப்பில்.
செப்டம்பர் புகைக்கு ஒரு வரி;
அதை நான்தான் சேர்க்கச் சொன்னேன்,
மகனின் இன்ஹேலர் தீர்ந்த இரவில்.
"ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்தவங்க பொண்ணு
நானூறு மைலுக்கு இவ்வளவு யோசிக்கிறே" என்கிறான்.

கணக்கு சரிதான்.
ஆனால் வந்தவர்கள் அவர்கள்.
நான் ஸ்டாக்டனில் பிறந்தவள்.
வீட்டில் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தார்கள்,
விட்டுப் போவது எப்படி என்பதைத் தவிர.

அவன் தூங்கிய பிறகு இடப்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்:
ஆகஸ்டில் வளைவுகளில் லாரி சிந்திவிட்டுப் போகும் தக்காளி.
டிசம்பர் மூடுபனியில், முன்னால் போகும் வண்டியின்
சிவப்பு விளக்கை நம்பி
அப்பா ஓட்டிய இருபது மைல்.
எதிரே எண் போடும் கட்டம்.
என்ன போடுவது?
அழித்துவிட்டு மூடினேன்.

விடுமுறை நாள் ஒன்றில் யாரிடமும் சொல்லாமல்
கிழக்கே ஓட்டினேன்.
மாநில எல்லை ஒரு பலகை, அவ்வளவே.
மரங்கள் மெலிந்தன, மலை பழுப்பாயிற்று,
எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
ரீனோவில் பெட்ரோல் போட்டேன், விலை குறைவு.
பக்கத்துக் கடையில் ஒரே ஒரு ஆரஞ்சு வாங்கினேன்.
திரும்பினேன்.

சாவடியில் ரமோனா.
"அடுத்த வருஷம் கிளம்பிடுவேன்" என்று
பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.
என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனாலும் கேட்டாள்,
கேட்டுத்தான் ஆகவேண்டும்:
எங்கிருந்து வருகிறீர்கள்?
பழம் ஏதும் உண்டா?

ஆரஞ்சை நீட்டினேன்.
அதில் ஒட்டியிருந்த சீட்டில் கலிஃபோர்னியா என்று இருந்தது.
"இங்கே விளைஞ்சதுதான் ரமோனா."
"தெரியுது," என்றாள்,
"வெளியே போயிட்டு வந்திருக்கே."

பின்னால் ஹாரன்.
வண்டியை ஓரம் கட்டி, கதவைத் திறந்து வைத்து,
காற்றில் கை விறைக்க
ஒவ்வொரு சுளையாகத் தின்றேன்.
கொஞ்சம் புளிப்பு.
தோலையும் மூன்று விதைகளையும்
அவள் நீட்டிய பையில் போட்டேன்.
முடிச்சை அவள் போட்டாள்.