உறக்கம் மட்டும் போகலாம்

வேதாளைக்குக் கிழக்கே, தகரக் கூரை போட்ட கூடத்தில்
நான்காம் எண் தொட்டி.
உடைந்த பானை ஓட்டைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு
ஒரு பேய்க்கணவாய் கிடக்கிறது.
மணி மூன்று பத்து.
பெர்கனில் இன்னும் நேற்று முடியவில்லை.
ஒகினாவாவில் விடிந்துவிட்டது,
சிஹாருவின் சன்னலில் வெயில்.
நான் இங்கே கொசுவை அடித்தபடி
மின்முனைகளில் பூத்த உப்பைத் துடைக்கிறேன்.

உப்புதான் எங்கள் ஐந்தாவது கூட்டாளி.
ஒப்பந்தத்தில் அதற்குக் கையெழுத்து இல்லை.
எந்த நாட்டுத் தங்கமுலாம் என்றாலும்
கச்சான் அடிக்கும் மாதத்தில் நாற்பது நாள்தான்.

தங்கச்சிமடத்து ரெமிஜியுஸ் அண்ணன் கொண்டுவந்தது இது.
சங்குக்குள் புகுந்து கிடந்ததைச் சங்கோடு வாளியில் போட்டு
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.
"தலைக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?"
தலையில் பாதிகூட இல்லண்ணே,
நரம்பெல்லாம் பெரும்பாலும் கையிலதான், என்றேன்.
எட்டுக் கையையும் எண்ணுவதுபோல் பார்த்தார்.
"அப்ப கம்பெனிக்காரன் மூளையையும் சேத்து எடை போடுறானா,
இல்ல கழிக்கிறானா?"
நான்கு நாட்டிலும் யாருக்கும் பதில் தெரியவில்லை.

உயிர் போகக் கூடாது என்கிறது சட்டம்.
திசு போகக் கூடாது.
ஒரு சொட்டுச் சளிகூட முத்திரையில்லாமல் கடல் தாண்டக் கூடாது.
பதினான்கு மாதம், மூன்று அலுவலகம்,
சேது எக்ஸ்பிரஸில் ஏழு தடவை சென்னை.
கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தார்கள்:
விலங்கு வேதாளையில் இருக்கும்.
உறக்கம் மட்டும் போகலாம்.

போகிறது.
முதலில் தோல் வெளிறி, சுண்ணாம்பு தடவியதுபோல் ஆகும்.
பிறகு ஒரு நிமிடம்,
பாசி, பவளம், மணல், மறுபடி பாசி என்று
இல்லாத கடலடியெல்லாம் அதன் முதுகில் ஓடும்.
திரையில் கோடுகள் துள்ளும்.
அதைக் கனவு என்று எழுதலாமா என்று பதினொரு வாரம் சண்டை.
இங்வில்ட் அடித்துவிட்டு 'நிலை இரண்டு' என்று போட்டாள்.
சிஹாரு ஒரு கேள்விக்குறி வைத்தாள், மறுநாள் அதையும் எடுத்தாள்.
"கனவு எண்டே தமிழில போட்டுவிடுவம்,
ஒருத்தருக்கும் விளங்காது" என்றாள் தர்மினி.

தர்மினி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள்.
மாதகல் கரையில் அவர்களுக்கும் நான்கு தொட்டி.
தனுஷ்கோடி போனாலே என் கைபேசி
இலங்கைக்கு நல்வரவு சொல்லும்;
அவள் தொட்டியின் உறக்கம் மட்டும் நேரே வராது.
எங்கள் இரண்டு கரைக்கும் நடுவே தாள் இல்லை.
அது வடக்கே பெர்கனுக்குப் போய்
எண்ணாகப் பெயர் மாறி
குளிர்ந்த கிடங்கில் வரிசையில் நின்று
தெற்கே எனக்கு இறங்கும்.
பதினாறாயிரம் கிலோமீட்டர், போக வர.
நீந்தினால்
இந்தப் பேய்க்கணவாய் எந்தப் பக்கத்தது என்றே
ரெமிஜியுஸ் அண்ணனால் சொல்ல முடியவில்லை.

மூன்று பதினொன்று.
பொதுப் பதிவேட்டில் என் வரி:
தொட்டி நான்கு, நிறமாற்றம், நிலை இரண்டு.
அதற்குக் கீழே தர்மினியின் வரி ஏறுகிறது.
தொட்டி எண் இல்லை, வெப்பநிலை இல்லை,
குறிப்புக் கட்டம் மட்டும்:
"காரைநகருக்கு ஒரு படகு கொண்டந்திருக்கினம்.
ஏழு பேர். ரெமிஜியுஸ் எண்டொராள்,
வாளியில கணவாய் வச்சிருந்தவராம்.
உங்கட ஆளோ?"

நோர்வேயிலிருந்து உடனே கேள்வி வருகிறது:
இது எந்த மாறி?
எந்த நெடுவரிசையில் சேர்ப்பது?

தொட்டிக்குள் அது வெளிறிக்கொண்டிருக்கிறது.
தங்கச்சிமடத்தில் மணி அடிக்கிறது,
அடிக்கிறது,
யாரும் எடுக்கவில்லை.