மழைச் சத்தம்

"முனிராஜ், உங்க மைக்க ஆஃப் பண்ணுங்க,
மழைச் சத்தம் கேட்குது" என்கிறார்
கல்வி உளவியல் பேராசிரியர்.

மாரண்டஅள்ளியில் மழை பெய்து
நாலு மாதம்.
அது புழு இலை தின்கிற சத்தம்.
நாலாம் தோலுரிப்பு முடிந்து எழுந்த பசி.
அடுக்கடுக்காய்த் தட்டுகளில்
தகரத்தின் மேல் தூறல் போல
ராவும் பகலும் விடாது.

நான் முனிராஜும் இல்லை.
அது என் வீட்டுக்காரர்.
போன் அவருடையது, சிம் அவருடையது,
திரையில் என் சதுரத்துக்குக் கீழே
அவர் பெயர்.
முதல் பருவம் முழுக்க அந்தப் பெயருக்கு
"உள்ளேன் ஐயா" சொன்னேன்.
பேங்கிலும் ரேஷன் கடையிலும்
பழகிய வாய்தான்.

புழுவீட்டில்தான் இரண்டு கோடு சிக்னல்.
பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து
வலைக்கதவைத் தள்ளிப் போவேன்.
மூன்றாம் அடுக்கில்
சணலில் கட்டித் தொங்கும் போன்.
கையில் மல்பெரிக் கட்டு,
காதில் "கற்றல் என்பது நடத்தை மாற்றம்."
குறிப்பெடுக்கக் கை ஒழியாது.
மனசில் எழுதி ராத்திரி நோட்டில் ஏற்றுவேன்.
அதற்குள் பாதி அழிந்திருக்கும்.
நிஜமாகவே மழை வந்த அன்று
கரண்ட் போய், டவர் போய்,
வகுப்பே இல்லை.

முப்பத்தெட்டு வயசில் எதற்கு பி.எட்.?
பால் சொசைட்டியில் கேட்டவர்களுக்கு "சும்மா."
நாத்தனாருக்கு
"வேலை கிடைச்சா உங்களுக்கும் நல்லதுதானே."
நிஜம் இவ்வளவுதான்:
பின்னக் கணக்கைக் கண்டு
மிரளுகிற பிள்ளையைப் பார்த்தால்
எனக்குக் கை பரபரக்கும்.

தருமபுரி கூட்டு அங்காடியில் அன்று
கிலோவுக்கு அறுபது ரூபாய் இறங்கியது.
அந்த அறுபதில் தொங்கியது
என் மூன்றாம் பருவக் கட்டணம்.
திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை.
பாலக்கோடு தாண்டி, வண்டியை நிறுத்தாமலே,
"கடைசி தேதி என்னிக்கு?" என்றார்.

வகுப்புத் தோழி ஒருத்தி
வாட்ஸாப்பில் படம் போட்டாள்.
கூட்டைக் கிழித்துப் பறக்கும் பட்டாம்பூச்சி.
"நாமும் இப்படித்தான், தோழிகளே!"
எல்லோரையும் போல நானும் கைதட்டினேன்.
துளைத்த கூட்டுக்கு விலையில்லை,
நூல் அறுந்துபோகும் என்பதை
யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

லோகேஷுக்குப் பதினொரு வயசு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
எதையோ தொட்டுத் தொட்டுப்
பெயரை மாற்றிக் கொடுத்தான்.
திங்கட்கிழமை பேராசிரியர் தேடினார்:
"முனிராஜ் வரலையா?
யார் இந்த மாதேஸ்வரி?"
"நான்தான் ஐயா, ரெண்டு பேரும்."
சிரித்தார்கள். மைக் அணைக்காத எல்லோரும்.
அன்றைய வருகையில்
முனிராஜுக்கு ஆப்சென்ட்.

கற்பித்தல் பயிற்சிக்கு
பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு.
எழுதி வைத்த பாடத்திட்டம் பையிலேயே இருக்க
வேர்வையில் சாக்பீஸ் வழுக்கியது.
மூன்றில் இரண்டும் நாலில் ஒன்றும்
கூட்டச் சொன்னேன்.
நாற்பத்திரண்டு பேர் குனிந்தார்கள்.
ஃபேன் ஓடாத அறை.
தாளில் பேனாக்கள்.
எனக்குத் தெரிந்த சத்தம்.
கண்ணை மூடியிருந்தால்
கை இலைக்கட்டைத் தேடியிருக்கும்.

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுதவில்லை.

புழுவீட்டில் தின்னாததைக் கண்டால்
யோசிக்க மாட்டோம்.
நோய் பரவும் முன் பொறுக்கிச்
சுண்ணாம்பு டப்பாவில் போடுவோம்.
எத்தனை ஆயிரம் போட்ட விரல்கள் இவை.

விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு
அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
பெஞ்ச் கிறீச்சிட்டது.
"எந்த இடத்துல நிக்குது?"

தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"முதல் வரியிலயே, டீச்சர்."